பக்கத்துக் குழாயில் பாயின் ரத்தம்

ஒருவன் உடம்பு கெட்டுப் பிழைத்து வந்தால் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் "எப்படி இருந்துச்சு?" என்றுதான் கேட்கிறார்கள். நான் சொல்லத் தொடங்கியதும் பாதியில் மறித்துத் தங்கள் மூட்டுவலியைச் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள். அதனால் எழுதி வைக்கிறேன். எழுத்தை யாரும் குறுக்கே பேசி நிறுத்த முடியாது.

எண்பதுகளின் தொடக்கம். பெரம்பலூரும் அரியலூரும் அப்போது திருச்சி மாவட்டத்தில் இருந்தன. நான் பெரம்பலூரில் வெங்காய மண்டி வைத்திருந்தேன். குன்னம் பக்கத்து விவசாயிகள் சின்ன வெங்காயத்தை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்குவார்கள். நான் எடை போட்டு வியாபாரிக்குக் கைமாற்றிவிடுவேன். ஏகாம்பரம் என்றால் எடையில் பிசகாதவன், வாயில் பிசகுகிறவன் என்று பெயர். இரண்டும் உண்மைதான்.

அந்த வருஷம் இடுப்பில் ஒரு வலி வந்து உட்கார்ந்தது. மூட்டை தூக்கியதால் என்று விட்டுவிட்டேன். பிறகு நாக்கில் இரும்பை நக்கியது போல ஒரு ருசி. சோற்றைக் கண்டாலே குமட்டல். ஒருநாள் காலையில் என் மனைவி பவுனாம்பாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, கண்ணு ரெண்டும் பொடச்சுக் கெடக்கு. கண்ணாடிய எடுத்துப் பாருங்க."

"ராத்திரி தூக்கம் இல்ல. அதான்."

"கொறட்டை விட்டது யாரு, பக்கத்து வூட்டுக்காரரா?"

அவள் விடவில்லை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த சின்ன ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் காலை அழுத்திப் பார்த்தார். விரல் பதிந்த இடம் குழியாகவே நின்றது.

"ரத்தத்துல யூரியா பாக்கணும்," என்றார்.

"யூரியாவா? அது வயலுக்குப் போடுறதுங்க சார். நான் வெங்காயம் விக்கிறவன்."

அவர் சிரிக்காமல் விளக்கினார். சாப்பிட்டது போக உடம்பில் மிஞ்சுகிற கழிவுக்கும் அதே பெயர்தானாம். சிறுநீரகம் அதை வடித்து மூத்திரத்தில் தள்ள வேண்டும். தள்ளாவிட்டால் ரத்தத்திலேயே தங்கிவிடும். நாற்பதுக்குள் இருந்தால் நல்லது, அதற்கு மேல் ஏற ஏற ஆபத்து என்றார்.

ஆஸ்பத்திரியின் பின்பக்கத்து அறைதான் லேப். அங்கே காதர் பாய் இருந்தார். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். ஏதோ ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பழகி வந்தவர். என் கையில் ரத்தம் எடுத்து முடித்ததும் நர்ஸைக் கூப்பிட்டுத் தன் கையை நீட்டினார். அவருக்கும் ஒரு ஊசி ரத்தம் எடுத்தார்கள்.

"என்ன பாய், உங்களுக்கும் ஒடம்பு சரியில்லையா?"

"இல்லண்ணே, இது சாட்சிக்கு. யூரியா டெஸ்ட் எப்பவாவதுதான் வரும். வர்றப்பல்லாம் என் ரத்தத்தையும் பக்கத்துக் குழாயில சேத்துப் போடுவேன். என்னோடது முப்பதுல நிக்கிற ரத்தம். அது சரியா வந்தா மருந்து சரி, மிஷின் சரி, என் கையும் சரி. அது கோணலா வந்தா அன்னைக்கு எந்த ரிசல்ட்டையும் நம்ப மாட்டேன்."

எனக்கு அவரை அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று. மண்டியில் நானும் தராசில் மூட்டை ஏற்றுவதற்கு முன் எடைக்கல்லை ஏற்றிச் சரிபார்ப்பவன்தான். நம்மைப் போல ஒரு ஆள் என்று நினைத்தேன்.

நானும் பவுனும் வெளியே பெஞ்சில் காத்திருந்தோம். சாயங்காலம் டாக்டர் உள்ளே கூப்பிட்டார்.

"நூத்தி இருபது காட்டுது. மூணு மடங்கு. கிட்னி ரெண்டும் வேலையை நிறுத்திக்கிட்டு வருதுன்னு அர்த்தம். திருச்சிக்குப் போகணும். அங்கயும் முடியலைன்னா மெட்ராஸ். ரத்தத்தை வெளிய எடுத்து வடிச்சுத் திருப்பி உள்ள விடுற மிஷின் அங்கதான் இருக்கு."

பவுனு என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். எனக்கு நாற்பத்திரண்டு வயது. பெண்ணுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தோம். பயம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மேஜையில் இருந்த பேப்பர்வெயிட்டைத் தவிர வேறொன்றும் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு காதர் பாய் வந்தார். மூச்சு வாங்கியது.

"சார், அந்த ரிசல்ட்ட நம்பாதீங்க. என் ரத்தமும் எழுவத்திரண்டு காட்டுது."

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பாய் எங்களுக்கும் புரியும்படி சொன்னார். ரத்தத்தில் மருந்தைக் கலந்து கொதிக்க வைத்தால் ரோஜா நிறம் வரும். யூரியா அதிகமானால் நிறம் அடர்த்தியாகும். எவ்வளவு அடர்த்தி என்று எதோடு ஒப்பிடுவது? அதற்கு, அளந்து யூரியா கரைத்த தண்ணீர் ஒன்றைத் தனியாகப் பாட்டிலில் வைத்திருப்பார்கள். ஸ்டாண்டர்டு என்று அதற்குப் பெயர். ஃபிரிட்ஜில் இருக்க வேண்டிய பொருள். அந்தக் கோடையில் கரண்ட் இருந்த நேரத்தைவிட இல்லாத நேரம் அதிகம். அந்தத் தண்ணீர் கெட்டு வீரியம் குறைந்திருந்தால், அதோடு ஒப்பிடும்போது எல்லார் ரத்தமும் ஏறித்தான் தெரியும்.

"கணக்குப் போட்டுப் பாருங்க சார். என்னோட முப்பது எழுவத்திரண்டாத் தெரியுதுன்னா, அண்ணனோட நூத்தி இருபது நெசத்துல அம்பதுதான்."

டாக்டர் காகிதத்தில் போட்டுப் பார்த்தார். ஐம்பதேதான் வந்தது.

"அம்பதுன்னா பயப்பட ஒண்ணுமில்ல," என்றார். திருச்சியிலிருந்து புது ஸ்டாண்டர்டு வந்ததும் மறுபடி பார்ப்போம் என்று சொல்லி வீக்கத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் நான் பாயின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். "உசிரக் குடுத்தீங்க பாய்," என்றேன். அவரும் கண் கலங்கினார். எமன் வாசல் வரை வந்து விலாசம் தப்பென்று திரும்பிப் போய்விட்டான் என்று மண்டியில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். குன்னத்திலிருந்து மச்சான் கோழியோடு வந்தான். நான் இரண்டு வாய்க்கு மேல் தின்ன முடியாமல் எழுந்து போய் வாந்தி எடுத்தேன். பித்தம் என்றேன். எல்லாரும் பித்தம் என்றார்கள்.

ஸ்டாண்டர்டு வரவில்லை. திருச்சிக் கடையில் இல்லை, மெட்ராஸிலிருந்து வரவழைக்கிறார்கள் என்று தகவல் வந்தது. பாய் தினமும் வீட்டுக்குப் போகிற வழியில் மண்டியில் இறங்கி, சாக்கின் மேல் உட்கார்ந்து சொல்லிவிட்டுப் போவார்.

"இன்னைக்கும் வரலண்ணே. நாளைக்கு வந்துரும், இன்ஷா அல்லாஹ்."

சைக்கிளை நிறுத்திவிட்டு உட்காரும்போது அவருக்கு மேல்மூச்சு வாங்கும். "பாய்க்குப் பெருநாள் பிரியாணி இன்னும் செரிக்கல போல," என்று கிண்டல் செய்தேன். அவரும் சிரித்தார்.

என் நிலைமை நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டிருந்தது. மூத்திரம் குறைந்துபோனது. பிறகு விக்கல் பிடித்துக்கொண்டது. தண்ணீர் குடித்தும் நிற்கவில்லை, சர்க்கரை தின்றும் நிற்கவில்லை. பேசினால் விக்கல், படுத்தால் விக்கல். உடம்பெல்லாம் அரித்தது. ஆனாலும் ஐம்பதுதான், ஐம்பதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த எண்ணை விட எனக்கு மனசில்லை.

பவுனுதான் விட்டாள். ஒரு காலையில் என் துணிகளை மஞ்சள் பையில் திணித்துக்கொண்டே சொன்னாள்:

"நம்ம தராசு மேல சந்தேகம் வந்தா குன்னத்துக்காரன் என்ன பண்றான்? மூட்டைய வேற தராசுல கொண்டுபோய்ப் போடுறான்ல? கெளம்புங்க. அரியலூருக்குப் போயி வேற லேப்புல பாப்போம்."

"பாய் சங்கடப்படுவாரு."

"படட்டும். எனக்குப் புருஷன் வேணும்."

பாய் சங்கடப்படவில்லை. விஷயம் தெரிந்ததும் லீவு போட்டுவிட்டு எங்களோடு கிளம்பினார். "நானும் வர்றேன்க்கா. என் ரத்தத்தையும் அங்க குடுக்குறேன். அது முப்பதுன்னு வந்துட்டா, நம்ம ஸ்டாண்டர்டுதான் கெட்டுப்போச்சுன்னு முடிவாயிரும். அண்ணனுக்கும் நிம்மதி."

பஸ்ஸில் வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரிகளின் புழுதி. நான் ஜன்னலோரம் விக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாய் தன் துண்டை நனைத்து என் முகத்தில் போட்டுவிட்டார். அரியலூரில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு டாக்டர் சொந்தமாக லேப் வைத்திருந்தார். என் ரத்தம், பாயின் ரத்தம் இரண்டையும் எடுத்தார்கள். பாய் லேப்காரரிடம் மெதுவாகக் கேட்டார்:

"உங்களுக்குத் தெரிஞ்ச நல்ல ரத்தம் ஒண்ணையும் கூடச் சேத்துப் போட முடியுமா?"

லேப்காரர் தன் கம்பவுண்டரின் கையைப் பிடித்து இழுத்து அவரிடமும் எடுத்தார். மொத்தம் மூன்று குழாய்கள்.

அந்தக் காத்திருப்பை என்னால் இப்போதும் மறக்க முடியவில்லை. சுவரில் குழந்தைப் படம் போட்ட காலண்டர். எதிரே ஒரு அம்மாள் காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் பன்னை டீயில் தோய்த்து ஊட்டிக்கொண்டிருந்தாள். பவுனு எந்தச் சாமியை வேண்டினாளோ, உதடு அசைந்துகொண்டே இருந்தது. பாய் மட்டும் தைரியமாக இருந்தார். "பயப்படாதீங்கண்ணே, முப்பதுன்னு வரும் பாருங்க," என்று என் முழங்காலைத் தட்டினார். அவருக்கு முப்பது வந்தால்தான் எனக்கு ஐம்பது. அவருடைய எண்ணுக்காக நான் எவ்வளவோ வேண்டிக்கொண்டேன்.

லேப்காரர் வெளியே வந்தார். "பெருமாளு," என்று முதல் பேரைப் படித்தார்.

"அது யாருங்க?" என்றாள் பவுனு.

"நம்ம கம்பவுண்டரு. அவனுக்கு இருபத்தாறு. ஏகாம்பரம், நூத்தி அறுபது. காதர், எழுவத்தெட்டு. உங்க ரெண்டு பேரையும் டாக்டர் உடனே உள்ள வரச் சொன்னாரு."

எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. கம்பவுண்டருக்குச் சரியாக வந்திருக்கிறது. அப்படியானால் மருந்தும் சரி, மிஷினும் சரி. பெரம்பலூரிலும் எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கிறது. என் நூற்றிருபது நூற்றிருபதேதான். கெட்டுப்போனது பாட்டிலில் இருந்த தண்ணீர் அல்ல, பாயின் ரத்தம்.

பாய் என்னைப் பார்த்து, "என் ஸ்டாண்டர்டு நல்லாத்தாண்ணே இருந்திருக்கு," என்றார்.

அதற்குப் பிறகு யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டு போனார். "நோன்பு மாசத்துல ஒருதடவ நாப்பத்தஞ்சு காட்டுச்சு. பகல்ல தண்ணி குடிக்கல, அதான்னு நெனச்சேன். பெருநாள் கழிச்சு அம்பத்தி நாலு. கறி தின்னதுல ஏறியிருக்கும்னு நெனச்சேன். நான் நல்லா இருக்கேன்கிறத நான் சோதிக்கவே இல்லண்ணே. அத வெச்சுத்தான் மத்ததச் சோதிச்சேன்."

எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபம்தான் வந்தது. விக்கலுக்கு நடுவே அந்த வராந்தாவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். "யோவ், ஒன் ரத்தத்த நம்பி என்னையக் கொல்லப் பாத்தியேய்யா! எத்தன நாளு வீணாப் போச்சு!" பாய் தலையைக் குனிந்துகொண்டார். பவுனு என் வாயைப் பொத்தினாள்.

அன்றைக்கே ரயிலேறித் திருச்சி போய்ச் சேர்ந்தோம். அங்கே எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததும் கதை தெளிந்தது. என் ஒரு சிறுநீரகம் பிறவியிலேயே சூம்பிப்போனது. வேலை செய்துகொண்டிருந்த மற்றொன்றின் வழியை ஒரு கல் அடைத்துக்கொண்டிருந்தது. வாய்க்காலை மடைகட்டி நிறுத்தினால் தண்ணீர் பின்னால் தேங்குகிற மாதிரி எல்லாம் தேங்கி, ரத்தத்தில் ஏறியிருக்கிறது.

"இன்னும் சில நாள் விட்டிருந்தா இந்த ஒண்ணும் போயிருக்கும்," என்றார் ஆபரேஷன் செய்த டாக்டர். "யாரு கூட்டிக்கிட்டு வந்தது?" பவுனைக் காட்டினேன்.

ஆபரேஷனுக்கு முந்திய நாட்கள் சரியாக நினைவில் இல்லை. கண்ணை மூடினால் மூட்டைகள் என் மேல் சரிந்துகொண்டே இருந்தன. இடுப்பைக் கிழித்துக் கல்லை எடுத்தார்கள். முழித்தபோது கட்டிலுக்குக் கீழே தொங்கிய பாட்டிலில் சொட்டுச் சொட்டாக மூத்திரம் இறங்கிக்கொண்டிருந்தது. பவுனு கீழே உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எறங்குதுங்க, நல்லா எறங்குது," என்று அழுதுகொண்டே சிரித்தாள். எங்களுக்குப் பெண் பிறந்தபோதுகூட அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. குன்னத்திலிருந்து துணைக்கு வந்திருந்த மச்சான் உப்பில்லாத கஞ்சி வாங்கிக்கொண்டு வருவான். எனக்குத் துணையாக அவனும் உப்பில்லாமலே குடிப்பான். யூரியா நூற்றுக்குக் கீழே வந்தது, பிறகு எழுபது, ஐம்பது என்று படியிறங்கியது.

அந்த வார்டுக்குத்தான் பாய் ஒரு பகலில் வந்தார். நாலு ஆரஞ்சுப் பழத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு, உட்காரச் சொன்ன பிறகும் நின்றார். அதே ஆஸ்பத்திரியில் அவரையும் பார்த்திருக்கிறார்கள். ரத்தக்கொதிப்பு வெகுகாலமாக, ஒரு வலியும் காட்டாமல், இரண்டு சிறுநீரகங்களையும் சுருக்கிவிட்டிருந்ததாம்.

"ஆபரேஷன் பண்ண முடியாதா பாய்?"

"எடுத்துப் போட என்கிட்ட கல்லு இல்லையேண்ணே." சிரிக்கத்தான் பார்த்தார். "மெட்ராஸ் மிஷினு நம்மளால ஆகாது. கூடப்பொறந்தவங்க கிட்னி குடுத்தா வெக்கலாங்குறாங்க. நான் ஒத்தப்புள்ள. முடிஞ்ச மட்டும் ஓட்டுவோம். அல்லாஹ் விட்ட வழி."

நான் அவர் கையைப் பிடித்தேன். அரியலூரில் கத்தியதைப் பற்றி அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஆனால் என் கோபம் எங்கே போயிற்று என்று தேடினால் கிடைக்கவில்லை. அவர் மட்டும் தன் ரத்தத்தைப் பக்கத்துக் குழாயில் போடாமல் இருந்திருந்தால் நான் அன்றைக்கே திருச்சிக்குப் போயிருப்பேன். அது மெய். சோதிக்காமல் ரிசல்ட்டை எழுதிக் கொடுத்துவிடுகிற லேப்காரராக இருந்திருந்தால் அரியலூருக்குக் கூடவே வந்து தன் கையை நீட்டியிருக்க மாட்டார். அதுவும் மெய். இரண்டையும் தராசின் இரண்டு தட்டில் வைத்துப் பார்க்கிறேன், இன்றுவரை முள் ஒரு பக்கமாகச் சாயவில்லை.

பெரம்பலூருக்குத் திரும்பி நான் தேறிவிட்டேன். பாய் லேப்பை விடவில்லை. ஆனால் அவருக்கு இப்போது முப்பதில் நிற்கிற வேறு ரத்தம் வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்து பவுனிடம் கேட்டார்.

"அக்கா, ஒங்க ரத்தம் தருவீங்களா? அதையும் மூணு மாசத்துக்கு ஒருக்கா அரியலூருல குடுத்துப் பாத்துக்கிடணும். நல்லா இருக்கீங்கன்னு நாமளே நெனச்சுக்கிட்டு இருக்கக் கூடாது."

"எடுத்துக்கங்க பாய். எம்புருஷன் உறிஞ்சுனது போக மிச்சம் இருக்கு," என்றாள் அவள்.

அப்படித்தான் அந்த வழக்கம் வந்தது. மாதம் ஒருமுறை என் யூரியா பார்க்க வேண்டும். அன்றைக்குப் பவுனின் ரத்தமும் கூட வரும். மூன்றாவது குழாயில் பாய் தன்னுடையதைப் போட்டுக்கொள்வார். அவளுடையது இருபத்திரண்டு, இருபத்து நாலு என்று நிற்கும். என்னுடையது முப்பதை ஒட்டி நிற்கும். பாயுடையது தொண்ணூறைத் தாண்டியது, நூற்றைத் தாண்டியது. முகம் ஊதி, நிறம் மங்கி, படியேற முடியாமல் ஆனார். ஆனாலும் எங்கள் எண்களோடு தன்னுடையதையும் வாய்விட்டே சொல்வார்.

ஒரு மாதம் நாங்கள் போனபோது அவருக்கு விக்கல் இருந்தது. அந்த விக்கலை எனக்குத் தெரியும். பவுனு காதிலும் அது விழுந்தது, அவள் என் பக்கம் திரும்பவில்லை. ரத்தம் எடுத்துக்கொண்டு பாய் உள்ளே போனார். நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

என் வாழ்க்கையிலேயே விசித்திரமான வேண்டுதலை அன்றைக்குத்தான் செய்தேன். எனக்கு ஏறியிருக்கட்டும். பவுனுக்கும் ஏறியிருக்கட்டும். மூன்று குழாயும் சேர்ந்து நூற்றைத் தாண்டட்டும். கரண்ட் இல்லாமல் போயிருக்கட்டும், அந்த ஸ்டாண்டர்டு தண்ணீர் இந்த முறையாவது உண்மையில் கெட்டுப்போயிருக்கட்டும். பக்கத்தில் பவுனின் உதடும் அசைந்துகொண்டிருந்தது. அவளும் அதைத்தான் கேட்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

பாய் கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"அக்காவுக்கு இருபத்திரண்டு. அண்ணனுக்கு முப்பது," என்றார். மூன்றாவது எண்ணைச் சொல்லவில்லை.

பவுனு எழுந்து நின்றாள். "எங்களுக்கு ஏறலையா பாய்? இன்னொருக்கா நல்லாப் பாருங்களேன்."

"பாத்துட்டேன்க்கா. ரெண்டு தடவ பாத்துட்டேன்," என்றார் பாய். "நீங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்க."